முதல் வாடைக் காற்று

அத்தியாயம் பதினொன்று

கழுத்து திரும்பிவிட்டது.

தலைமேல் இருந்த கலயத்திலிருந்து தண்ணீர் தளும்பி, வரதனின் காதோரமாக இறங்கித் தோளை நனைத்தது. பின்னால் நின்றிருந்த அம்மணி, கையில் வைத்திருந்த அடுத்த கல்லைக் கீழே போட்டாள். அவள் ஏரியில் எறிந்த முதல் கல் எழுப்பிய வளையங்கள் இன்னும் விரிந்துகொண்டிருந்தன.

"மடவை மீனு துள்ளுதுன்னு பாத்தியா?"

"நான் பாக்கல. கழுத்துதான் பாத்துச்சு."

"அப்ப கழுத்த இங்கியே வச்சிட்டுப் போ."

அவன் கலயத்தை இறக்கி, மீதித் தண்ணீரை முகத்தில் ஊற்றிக்கொண்டான். விடிந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. வெயில் ஏறியதும் ஒல்லாந்தர் கோட்டைக்கு எதிரே உள்ள மைதானத்தில் அவன் இருக்க வேண்டும். ஒரு மாதமாகப் பழக்கிய உடம்பு மற்ற எல்லாவற்றுக்கும் தயாராகிவிட்டது. அசையாமல் நிற்பதற்கு மட்டும் தயாராகவில்லை.

தோணிரேவின் கரையில் இருக்கும் இந்தக் குடிசைக்கு அவன் வந்து ஒரு வருடமாகிறது. கோட்டைக்குப்பத்து வலைக்காரர் துளசிங்கத்தின் ஒரே மகன், கையால் இறால் தடவிப் பிழைக்கும் ஜனங்களின் பெண்ணான அம்மணியைக் கட்டிக்கொண்டதை ஊர் அதற்குள் பேசித் தீர்த்துவிட்டிருந்தது. துளசிங்கம் மட்டும் பேசத் தொடங்கவே இல்லை.

ஏரியில் வலை கட்டும் இடங்களைக் குப்பத்தார் முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். மகனுக்குக் கல்யாணமானால் அப்பன் அவனை ஊர்க்கூட்டத்துக்கு அழைத்துப்போய், 'இவனுக்கும் ஒரு பாடு' என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை இருந்தால்தான் அவன் ஊர்க்காரன். இல்லாவிட்டால் அவன் வலையை எந்தத் தண்ணீரிலும் நனைக்க முடியாது.

துளசிங்கம் அதைச் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கூட்டம் கூடிய அன்று வெற்றிலை துப்பப் போகிறவரைப் போல எழுந்து வெளியே போனார். கூட்டம் கலைந்தபிறகு வந்து தன் துண்டை எடுத்துக்கொண்டார்.

வரதன் சடையனோடு இடுப்பளவு நீரில் இறங்கிப் பார்த்தான். சடையன் அம்மணியின் அண்ணன். சேற்றுக்குள் விரல்களை விட்டால் இறாலின் மீசை பட்டதுமே அவனுக்குத் தெரிந்துவிடும். வலைக்கயிறு இழுத்துக் காய்த்துப்போன வரதனின் விரல்களுக்கு மீசையும் தெரியவில்லை, இறாலும் தெரியவில்லை. "மாப்ளே, நீ தடவறத பாத்தா இறாலு பாவம்னு தானா வந்து பறியில ஏறிக்கும் போல கீது" என்று சடையன் சொன்னபோது தண்ணீரில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். வரதனும் சிரித்தான். மறுநாளிலிருந்து அவன் இறங்கவில்லை.

அம்மணி இறங்கினாள். வயிற்றில் பிள்ளை இருப்பது தெரிந்தபிறகும் இறங்கினாள். இரண்டு கைகளும் சேற்றுக்குள் இருக்க வேண்டும் என்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு குனிந்திருப்பாள். அந்த நேரத்தில் அவளிடம் எதைக் கேட்டாலும் பதில் வராது. வரதன் கரையில் உட்கார்ந்து, பதில் வேண்டாத கேள்விகளை அப்போதுதான் கேட்பான்.

"இது எந்த ஊருப் புள்ளன்னு சொல்லுவாங்க?" என்று ஒருநாள் கேட்டான்.

அவள் பறியைக் கவ்வியபடியே அவனைப் பார்த்தாள். பிறகு மறுபடி குனிந்துகொண்டாள்.

அதற்குச் சில நாட்களுக்குப் பிறகு, ஷாகுல் ஹமீது மரைக்காயரின் கிடங்கில் துணிப்பொதி சுமந்துகொண்டிருந்தபோது அந்தச் செய்தி காதில் விழுந்தது. போன வருடம் கோட்டைக்குள் சிப்பாய்களைப் பழக்கத் தொடங்கிய கவாத்துப் பள்ளிக்கு இந்த வருடமும் உள்ளூர் ஆட்களை எடுக்கிறார்கள். உடம்புச் சோதனையில் தேறினால் ஒரு வருடம் கவாத்து, பிறகு கோட்டைக் காவல். மதிலுக்குத் தெற்கே ஓட்டு வீட்டு வரிசையில் ஒரு வீடு. அந்த வரிசையில் பிறக்கும் பிள்ளைகளை எந்தக் குப்பம், எந்த ஜனம் என்று யாரும் கேட்பதில்லை. கோட்டைத் தெருப் பிள்ளை என்பார்கள், அவ்வளவுதான்.

இந்த முறை தவறினால் மறுபடி எப்போது எடுப்பார்கள் என்பது யாருக்கும் தெரியாது. பிள்ளை அதுவரை காத்திருக்காது.

அன்று மாலையே வரதன் மணலில் ஓடத் தொடங்கினான்.

தோணியில் வளர்ந்தவனுக்குத் தோள் இருக்கும், கை இருக்கும். ஆடுகிற பலகையில் விழாமல் நிற்கக் கால் பழகியிருக்கும். ஓடப் பழகியிருக்காது. முதல் நாள் முகத்துவாரம் வரை போகுமுன் பாதி வழியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். ஒரு வாரம் கழித்து வாந்தி நின்றது. பிறகு மூச்சு ஒரு ஒழுங்குக்கு வந்தது. துப்பாக்கிக்குப் பதிலாகத் துடுப்பை எடுத்து, அதன் நுனியில் நனைந்த வலைத்துண்டைச் சுற்றி, கையை நீட்டிப் பிடித்துப் பழகினான். மணல் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு கரையேறி இறங்கினான். அம்மணி குடிசை வாசலில் இறாலை உலர்த்தியபடி பார்த்துக்கொண்டிருப்பாள். சில நாள் அவளுக்குச் சிரிப்பு வரும். சில நாள் அவன் ஓடி மறைந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இறாலைத் திருப்பிப்போட மறந்துவிடுவாள்.

இதெல்லாம் போதும் என்று அவர்கள் நினைத்திருந்த வேளையில்தான் துபாஷி உலகநாதன் அந்த வார்த்தையைச் சொன்னார். கோட்டைத் தளபதிக்கு மொழிபெயர்த்துச் சொல்பவர் அவர். சந்தையில் அம்மணியிடம் இறால் வாங்க வந்தவர், ஓட்டத்தில் யாரும் தோற்பதில்லை, நிற்பதில்தான் தோற்கிறார்கள் என்றார். கடைசியாக ஒரு தம்பட்டம் அடிப்பார்களாம். அது ஓயும்வரை வரிசையில் நேர்ப்பார்வையாக நிற்க வேண்டும். தலை திரும்பினால் வெளியே. போன வருடம் குப்பத்துப் பையன்கள் எல்லோரும் அங்கேதான் தோற்றார்களாம். ஏன் என்று தளபதிக்குக் கடைசிவரை புரியவில்லையாம்.

வரதனுக்குப் புரிந்தது. வலைக்காரன் காதில் காற்று மாறிப் பட்டால், மனம் அறிவதற்கு முன்னால் கழுத்து திரும்பிவிடும். மீன் துள்ளும் சத்தத்துக்கும் அப்படித்தான். நடக்கப் பழகுவதற்கு முன்பே பழகியது அது. திரும்பாத கழுத்துள்ளவன் தோணியில் போனால் வீட்டுக்கு வந்து சேர மாட்டான்.

அன்றிலிருந்து இந்தக் கலயம். அம்மணி பின்னால் நின்று கல் எறிவாள், கைதட்டுவாள், தோணிப் பாய் கிழிகிற மாதிரி துணியைக் கிழிப்பாள். சில சமயம் ஒன்றுமே செய்யாமல் நெடுநேரம் நிற்பாள். அந்த நெடுநேரம்தான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

கேழ்வரகுக் கூழும் சுட்ட இறாலும் வைத்தாள். அவன் உட்கார்ந்து முதல் வாய் குடித்தபோது சடையன் ஈர வேட்டியோடு வந்து வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை. சொல்ல ஏதோ இருக்கிறது என்று அம்மணிக்குத் தெரிந்தது.

"ஒங்க நைனாவ பாத்தேன் மாப்ளே. இன்னிலேருந்து பாடு அவருது. தனியா கோல் போட்டுக்கினு போறாரு."

வரதன் கூழைக் கீழே வைத்தான்.

தோணியில் அவருக்குத் துணையாகப் போகும் திருவேங்கடம் காய்ச்சலில் படுத்திருக்கிறார். முறையை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுத்துவிடுங்கள் என்று ஊரார் சொன்னதும், துளசிங்கம் அதற்கும் பதில் சொல்லாததும் போன வாரமே வரதனின் காதுக்கு வந்திருந்தன. இரண்டு பேர் செய்கிற வேலை அது. ஒருவர் தோணி தள்ளும் கோலையோ சுக்கானையோ பிடித்தால் மற்றவர் பாயைப் பார்க்க வேண்டும்.

ஏரியிலிருந்து நாரைகளின் சத்தம் கேட்டது.

அம்மணி வெளியே வந்து கையை நீட்டிப் பார்த்தாள். "தெற்கத்திக் காத்துதான். சாயங்காலம் வரைக்கும் இப்டியேதான் இருக்கும்."

அவனும் வந்து நின்றான். கன்னத்தில் காற்று பதமாகப் பட்டது. தலையசைத்தான். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தான். மீதிக் கூழை அவள் குடிக்கவில்லை, கொட்டவும் இல்லை. மூடிவைத்துவிட்டு அவன் பின்னால் போனாள்.

மைதானம் ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. ஓர் ஓரம் கோட்டையின் அகழி, மறு ஓரம் தண்ணீர். பார்க்க வந்தவர்கள் நிற்கிற பூவரச மரத்தடியில், இடுப்பில் கருவாட்டுக் கூடையோடு ராஜம்மா நின்றிருந்தாள்.

மாமியாரை அம்மணி ஒரு வருடமாகப் பார்க்கவில்லை. ராஜம்மாவின் வீட்டிலிருந்து சந்தை எதிர்த்திசையில் இருக்கிறது. கருவாடு விற்க வருகிற இடமில்லை இது. இருவருக்கும் அது தெரிந்ததால் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நடுவில் இன்னொருவர் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு நின்றார்கள்.

"எத்தினியாவது மாசம்?" என்றாள் ராஜம்மா, மைதானத்தைப் பார்த்தபடி.

"ஆறு, அத்தே."

"தண்ணியில எறங்கறியா?"

"எறங்கறேன்."

ராஜம்மா கூடையிலிருந்து ஒரு பிடி நெத்திலிக் கருவாட்டை அள்ளி, பக்கத்தில் யாரோ கேட்டதைப் போல, அம்மணியின் முந்தானையில் போட்டாள். "சாப்ட்டானா?" என்று கேட்டாள்.

பாதிதான் சாப்பிட்டான் என்று அம்மணி சொல்லவில்லை. தலையை ஆட்டினாள்.

சோதனை தொடங்கியது. சுமை தூக்குவதில் சிலர் தோற்று வெளியே போனார்கள். கையை நீட்டித் துப்பாக்கி பிடிப்பதில் நகரத்துப் பையன்கள் நிறையப் பேர் போனார்கள். வரதனின் கை மரக்கிளை மாதிரி நின்றது. ஓட்டத்தில் அவன் முன்னால் வரவில்லை, கடைசியிலும் வரவில்லை. மரத்தடியில் நின்ற ஒருவன், வலைக்காரன் ஓடறத பாரு, நண்டு கரையேறுது என்று பக்கத்திலிருந்தவனிடம் சொன்னான்.

ராஜம்மா அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "நண்டுதான். புடிச்சா வுடாது."

அம்மணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு பார்த்தபோது, ராஜம்மாவின் உதட்டிலும் ஏதோ இருந்தது.

பிறகு மிஞ்சியவர்களை வரிசையாக நிறுத்தினார்கள். கொடிமரத்தைப் பார்த்து நிற்க வேண்டும். ஏரி அவர்களுடைய வலது கைப்பக்கம் இருந்தது. வரிசையில் பெரும்பாலோர் குப்பங்களிலிருந்து வந்தவர்கள். உலகநாதன் நடந்துகொண்டே, தம்பட்டம் ஓயும்வரை கொடிமரத்தைத் தவிர இந்த உலகத்தில் வேறு எதுவும் இல்லை என்று நினைத்துக்கொள்ளச் சொன்னார். தளபதி சொன்னதா, அவராகச் சேர்த்துக்கொண்டதா தெரியவில்லை.

தம்பட்டம் தொடங்கியது. வெயில் நேராக இறங்கியது. ஒருவன் மயங்கி விழுந்தான், தூக்கிப்போனார்கள். வரதனின் தலையில் கலயம் இல்லை. ஆனால் கலயம் இருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பதை அம்மணியால் அவன் கழுத்தைப் பார்த்தே சொல்ல முடிந்தது.

அப்போது காற்று நின்றது.

பூவரச இலைகள் தொங்கின. ஏரியின் சலசலப்பு அடங்கியது. தம்பட்டச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. ராஜம்மா கூடையை இடுப்பிலிருந்து இறக்கினாள். அவள் எதற்கு இறக்கினாள் என்பது அம்மணிக்குப் புரியுமுன் வடக்கிலிருந்து அது வந்தது. குளிர்ந்த, ஈரமான, சேற்று மணமுள்ள காற்று. அந்த வருடத்தின் முதல் வாடை.

வரிசையில் இருந்த வலைக்காரத் தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஏரிப்பக்கம் திரும்பின. நாணல் சாய்வதைப் போல அப்படி ஒன்றாகத் திரும்பின. யாரும் முடிவு செய்து திரும்பவில்லை. மரத்தடியில் நின்ற குப்பத்துப் பெண்களின் தலைகளும் திரும்பின. வாடை திரும்பிவிட்டால் இனி மழைக்காலம். ஏரி இனி வேறு ஏரி.

தளபதி கையைக் காட்டக் காட்ட, திரும்பியவர்கள் ஒவ்வொருவராக வரிசையை விட்டு வெளியே வந்தார்கள். சிலர் தங்களையே நொந்துகொண்டு சிரித்தார்கள். ஒருவன் தன் கழுத்தில் தானே அடித்துக்கொண்டான்.

வரதன் திரும்பவில்லை.

அம்மணிக்கு நெஞ்சு நிறைந்தது. சொல்வதற்காக அத்தையைப் பார்த்தாள். ராஜம்மா மைதானத்தைப் பார்க்கவில்லை. அவள் கண் போன இடத்தை அம்மணியும் பார்த்தாள்.

ஒட்டுப்போட்ட பாய். பாதிப் பாய் பழுப்பு, பாதி வெள்ளை. கோட்டைக்குப்பத்தில் அப்படி ஒன்றுதான் உண்டு, துளசிங்கத்தின் தோணியில். தெற்கத்திக் காற்றுக்கு விரித்திருந்த அந்தப் பாயை வாடை எதிர்ப்பக்கத்திலிருந்து அறைந்திருந்தது. தோணி பக்கவாட்டில் திரும்பி நின்று ஆடியது. ஒரே ஓர் ஆள், ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கயிற்றை எட்ட முயல்வது தெரிந்தது. எட்டவில்லை. அலை ஒன்று பெரிதாக வந்தது. அதற்குப்பிறகு பாய் தண்ணீரின்மேல் படுத்திருந்தது.

வரதன் கூப்பிடு தூரத்தில் நின்றிருந்தான்.

ஒரு குரல் போதும். பெயரைச் சொல்லக்கூட வேண்டாம். ராஜம்மாவின் வாய் திறந்தது. அம்மணியின் வாயும் திறந்திருந்தது. அந்த ஒரு கணத்தில், யார் முதலில் கூப்பிடப்போகிறார்கள் என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ராஜம்மா முந்தானையைச் சுருட்டித் தன் வாயில் அழுத்திக்கொண்டாள். அதன் வழியாக, "கூப்புடாத" என்றாள்.

பிறகு இருவரும் ஓடினார்கள். ராஜம்மா குப்பத்துப் பக்கம் ஓடினாள். அம்மணி வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, அண்ணனும் மற்றவர்களும் இறால் தடவிக்கொண்டிருந்த துறைக்கு ஓடினாள். தோணி கவிழ்ந்த இடத்துக்கு அதுதான் பக்கம். அவர்களிடம் தோணி கிடையாது. ஆனால் ஏரியில் எந்த இடத்தில் கால் நிலைக்கும், எங்கே நிலைக்காது என்று அவர்களுக்குத் தெரியும்.

மைதானத்தில் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தது.

வரதனுக்கு வலது காது குளிர்ந்திருந்தது. வாடை என்று முதல் தொடுதலிலேயே தெரிந்துவிட்டது. நைனா தனியாக இருப்பதும், அவர் வலை கட்டும் இடம் எது என்பதும், அந்த இடம் தன் வலது தோளுக்கு நேராக இருப்பதும் தெரிந்தது. இதையெல்லாம் அறிவதற்குத் திரும்ப வேண்டியிருக்கவில்லை. திரும்பினால் பார்த்துவிடுவான். பார்த்துவிட்டால் கால் இந்த மண்ணில் நிற்காது. கொடிமரம் இரண்டாகத் தெரிந்தது. கண்ணை இமைத்தபோது ஒன்றானது. மறுபடி இரண்டானது.

நைனாவுக்குப் பாயை இறக்கத் தெரியும் என்று அவன் நினைத்துக்கொண்டான். பிறகு, தெரியும் என்றே நினைத்துக்கொண்டு நின்றான்.

தம்பட்டம் ஓய்ந்தபோது வரிசை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. அங்கொருவர் இங்கொருவராகச் சிலர். தளபதி வரதனின் எதிரே வந்து, அவன் முகத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். உலகநாதன் தமிழில் சொன்னார். "தேறிட்டே. விடியறப்ப கோட்டை வாசல்ல இரு" என்றார். "எப்டிய்யா நின்னே?" என்று தன் பங்குக்கு ஒன்று கேட்டார்.

வரதன் அப்போதுதான் திரும்பினான். ஏரி முழுவதும் வெள்ளை நுரை. பாய் எதுவும் இல்லை. மரத்தடியில் கருவாட்டுக் கூடை கவிழ்ந்து கிடந்தது. அதைக் காகங்கள் கொத்திக்கொண்டிருந்தன.

அவன் தோணிரேவுக்கு வந்து சேர்ந்தபோது குடிசை வாசலில் சடையனின் ஆட்கள் கூடியிருந்தார்கள். இடுப்புக்குக் கீழே எல்லோரும் சேறு. தோணியை நிமிர்த்தி இழுத்துவந்து கரையில் ஏற்றியிருந்தார்கள். வலை ஒரு பக்கம் கிழிந்திருந்தது. அவனைக் கண்டதும் பேச்சு நின்று, வழி விட்டார்கள். சடையன் மட்டும் அவன் தோளைத் தொட்டு, "உசுரோட கீறாரு. போ" என்றான்.

துளசிங்கம் அடுப்பருகே உட்கார்ந்திருந்தார். அம்மணியின் பழைய புடவை ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். வலது தோள் வீங்கி, கை மடியில் சும்மா கிடந்தது. இடது கையில் கூழ்க் கலயம். காலையில் அம்மணி மூடிவைத்த கூழ். ஒரு வருடமாக இந்தக் குடிசை இருக்கும் திசையில்கூடப் பார்க்காமல் தோணி விட்டவர், இப்போது அதன் நடுவில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ராஜம்மா அவர் முதுகைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். அம்மணி அடுப்பின் மறுபக்கம் நின்றிருந்தாள்.

வரதன் வாசலிலேயே நின்றான். யாரும் உள்ளே வா என்று சொல்லவில்லை. அது அவனுடைய வீடு.

துளசிங்கம் கூழைக் குடித்து முடித்தார். வெளியே காற்று ஓலைகளைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"வாடை திரும்பனது தெரிஞ்சுதா?" என்று கேட்டார் கடைசியில்.

ஒரு வருடத்துக்குப் பிறகு மகனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"தெரிஞ்சுது நைனா."

"நான் ஏரியில கீறன்னு தெரியுமா?"

"தெரியும்."

"பாத்தியா?"

"பாக்கல. பாத்தா நிக்க முடியாதுன்னு பாக்கல."

ராஜம்மாவின் கை முதுகில் நின்றது. நாங்களும்தான் கூப்பிடவில்லை என்று அவள் சொல்லிவிடுவாள் என்று அம்மணி நினைத்தாள். ராஜம்மா சொல்லவில்லை. கை மறுபடி தேய்க்கத் தொடங்கியது.

துளசிங்கம் காலிக் கலயத்தைப் பார்த்தபடி பேசினார். "வாடை பாயில அறைஞ்சப்ப, தோணி கவுறதுக்கு முன்னால கரையப் பாத்தேன். மைதானம் தெரிஞ்சுது. வரிசையா ஆளுங்க. மொகம் ஒண்ணும் தெரியல. எந்தத் தல ஒன்னுதுன்னு தெரியல. வலைக்காரத் தலையெல்லாம் என் பக்கமா திரும்பிச்சு." நிறுத்தினார். "ஒண்ணு திரும்பல. இதான் என் புள்ளன்னு தெரிஞ்சுக்கினேன்."

அந்தக் குரலில் இருந்தது கோபமா, வேறு ஏதாவதா என்று வரதனால் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அவர் இன்னும் கலயத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மணி அடுப்பில் ஒரு சுள்ளியைத் தள்ளினாள்.

"கிழிஞ்ச வலையத் தெச்சிக்கலாம்" என்றார் துளசிங்கம், யாரிடமும் இல்லாமல். "தோணிக்கு ஒண்ணும் ஆவல. நாளைக்கும் பாடு நம்முதுதான்." வீங்கிய தோளை ஒருமுறை அசைத்துப் பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டார். "விடியறப்ப போவணும். வலை இல்லாம வெறும் கழியா நின்னா அடுத்தவன் வந்துடுவான். கூட வர்றவனுக்கும் ஒரு பாடுன்னு, திரும்பி வந்ததும் ஊருல சொல்லிடறேன்."

இந்த வார்த்தைக்காக வரதன் ஒரு வருடம் காத்திருந்தான். இது வந்திருந்தால் அவன் மணலில் ஓடியிருக்க மாட்டான். விடியற்காலையில் கோட்டை வாசல் என்பதை அவன் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அவன் நின்ற விதத்திலேயே அம்மணி அதைத் தெரிந்துகொண்டிருந்தாள்.

"அவரு கோட்டைக்குப் போவட்டும் மாமா" என்றாள். "புள்ளைக்கு ஒரு எடம் வோணும். அதுக்காகத்தான்..."

துளசிங்கம் நிமிர்ந்தார். மருமகளை முதல்முறையாகப் பார்த்தார். அவள் முகத்தை, வயிற்றை, சேறு காயாத கால்களை, ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடுமையாக எதையோ சொல்லப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"நீ உக்காரும்மா, ரொம்ப ஓடியிருக்கே" என்றார். "அவனே சொல்லட்டும்."

அம்மணி உட்கார்ந்தாள். ராஜம்மா நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள். மூன்று பேரும் வாசலைப் பார்த்தார்கள்.

வரதன் உள்ளே வந்து, அப்பாவின் எதிரில் மண்ணில் உட்கார்ந்தான். காயம்பட்ட அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். அது ஈரமாக, ஏரியின் அடிச்சேற்றைப் போலக் குளிர்ந்திருந்தது.

"நைனா" என்று தொடங்கினான்.